ஆணவத்துக்கு நோய்ப்பெயர் சூட்டாதீர்கள்

ஒரு மாணவர் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கள ஆய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். சேரியில் வீடு வீடாக ஏறி இறங்கித் தகவல் திரட்டி அதை எழுதியவர் ஒரு தலித் மாணவி. அட்டையில் அவர் பெயர் இல்லை. "என் பெயர் எங்கே?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சரியான நார்சிசிஸ்ட்!"

அதே கூட்டத்தில், ஊர்த்தெரு வழியாக பைக்கில் போன நம் பையனை அடித்தவரைப் பற்றியும் பேச்சு வந்தது. அவருக்கும் அதே பட்டம். "அவன் ஒரு நார்சிசிஸ்ட், தோழர். மனநோய்."

உரிமையைக் கேட்டவருக்கும் உரிமையைப் பறித்தவருக்கும் ஒரே சொல்! இந்தச் சொல்லை நாம் விசாரிக்காமல் விடக்கூடாது.

தண்ணீரில் தெரிந்த தன் முகத்திலேயே மயங்கி மடிந்த நார்சிசஸ் என்ற கிரேக்கக் கதை இளைஞனிடமிருந்து வந்த சொல் இது. 1914இல் ஃப்ராய்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அவருக்கு இது வசவு அல்ல. தன்மீதான பற்று ஓரளவு எல்லோரிடமும் உண்டு என்றார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. அந்தக் கையேடு இன்று 9 அடையாளங்களைச் சொல்கிறது. குறைந்தது 5 இருக்க வேண்டும். இளம் வயதிலேயே தொடங்கி, வாழ்க்கையின் பல சூழல்களிலும் அவை வெளிப்பட வேண்டும். பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்துப் பேசித்தான் முடிவு சொல்ல முடியும். செல்ஃபி போடுகிறவரும், பிரிந்துபோன காதலரும், மைக்கை விடாத தலைவரும் இந்தக் கணக்கில் தானாக வந்துவிட மாட்டார்கள்.

இன்னொரு நிபந்தனைதான் நமக்கு முக்கியம். ஒருவரின் நடத்தை, அவர் வாழும் பண்பாடு எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகியிருந்தால்தான் அது ஆளுமைக் கோளாறு.

இப்போது அந்த பைக் சம்பவத்தைப் பாருங்கள். அடித்தவர் வீட்டில் பாசமான அப்பா. மேலதிகாரி முன்னால் கைகட்டி நிற்பவர். சேரிப் பையனைப் பார்த்தால் மட்டும் நெஞ்சு நிமிர்கிறது. அவர் தன் பண்பாட்டிலிருந்து எங்கே விலகினார்? ஊர் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தார்! ஊரும் அவரைத் தட்டிக்கொடுக்கிறதே! இதை நோய் என்றால் குற்றம் காணாமல் போகிறது. வழக்குப் போட வேண்டிய இடத்தில் அனுதாபம் வந்து உட்காருகிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கேட்பது 'என்ன செய்தாய்' என்பதை. நாம் ஏன் 'உன் மனசுக்கு என்ன ஆச்சு' என்று கேட்க வேண்டும்? உண்மையிலேயே அந்தக் கோளாறோடு சிகிச்சைக்கு வருகிறவர்களை ஒரு சாதிவெறியரோடு சேர்த்துவைப்பதும் அநியாயம்.

அந்த மாணவி விஷயம் வேறு. தலைமுறை தலைமுறையாகப் பெயரே சொல்லாமல் அழைக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் தன் பெயரைக் கேட்டார். அதற்குப் பெயர் சுயமரியாதை. குனிந்தே பார்த்துப் பழகிய கண்களுக்கு, நிமிர்ந்தவர் எல்லாம் தலைக்கனம் பிடித்தவராகத்தான் தெரிவார்.

நமக்குள்ளும் ஒரு எச்சரிக்கை தேவை. நம் அமைப்பில் ஒருவர் அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்டால், நார்சிசிஸ்ட் என்று முணுமுணுத்துவிட்டுக் கலைய வேண்டாம். கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: யார் எழுதியது? யார் பெயர் வந்தது? பட்டத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்விக்குச் சொல்லியாக வேண்டும்.

'கௌரவக் கொலை' என்று நாளேடுகள் எழுதிய காலம் உண்டு. கொலையில் என்ன கௌரவம் என்று நம் இயக்கங்கள் கேட்டன. 'ஆணவக் கொலை' என்ற சொல் நிலைபெற்றது. சரியான சொல்லைத் தேடிப் பிடித்த வரலாறு நமக்கு உண்டு. அந்தச் சொல் இருக்கும்போது இரவல் நோய்ப்பெயர் எதற்கு?

சாதி ஆணவத்தைச் சாதி ஆணவம் என்றே சொல்வோம். அறிக்கையின் அடுத்த பதிப்பில் அந்த மாணவியின் பெயர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய் பீம்!