நெரிக்கா நெல்: விதை யார் கையில்?

புதிய நெல்லினம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பசி தீர்ந்துவிடும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அது அத்தனை இலகுவானதல்ல என்பதை மேற்கு ஆபிரிக்காவின் 'நெரிக்கா' நெல் காட்டுகிறது.

உலகில் பயிரிடப்படும் நெல்லில் இரு இனங்கள் உள்ளன. நாம் விதைப்பது ஆசிய நெல். அது விளைச்சல் கூடியது. ஆபிரிக்க நெல்லோ களையை அடக்கும், வறட்சியைத் தாங்கும். ஆனால் முற்றியதும் மணி உதிரும், பயிர் சாயும். இரண்டையும் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை பெரும்பாலும் மலடாகிவிடும்.

1990களில் ஐவரி கோஸ்டின் புவாக்கே நகருக்கு அருகிலிருந்த சர்வதேச நெல் ஆய்வு நிலையத்தில் இந்தத் தடை உடைக்கப்பட்டது. சியரா லியோனைச் சேர்ந்த மொன்டி ஜோன்ஸின் குழு, கலப்புப் பயிரைத் திரும்பத் திரும்ப ஆசிய நெல்லுடன் சேர்த்து, ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்து, வளமான விதையைப் பெற்றது. 2004இல் ஜோன்ஸுக்கும் சீன விஞ்ஞானி யுவான் லோங்பிங்கிற்கும் உலக உணவுப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆனால் அதற்கு முன்னரே, 2002 செப்டெம்பரில் அங்கு உள்நாட்டு யுத்தம் வெடித்திருந்தது. புவாக்கே கிளர்ச்சியாளர்களின் தளமாக மாற, ஆய்வாளர்கள் வெளியேறினர். 2005இல் நிலையம் பெனின் நாட்டின் கொட்டனூவுக்கு இடம்மாறியது. விஞ்ஞானிகளும் இடம்பெயர்ந்தோரானார்கள்.

நெரிக்காவில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அது நிலைப்படுத்தப்பட்ட இனம். விளைச்சலில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கு விதைநெல்லாக எடுத்து வைக்கலாம். கலப்பினச் சோளம் அப்படியல்ல. சேமித்த விதையில் அதே விளைச்சல் வராது என்பதால் ஒவ்வொரு போகமும் கடைக்குப் போக வேண்டும். எனவே புதிய விதை எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இதை நாங்கள் சேமிக்கலாமா?' என்பதே.

இடம்பெயரும்போது விதைநெல் என்னவாகும் என்பதை வன்னிக் கமக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பசிக்கு அவிப்பார்கள், அல்லது விட்டுவிட்டு ஓடுவார்கள். மீள்குடியேற்றத்தில் வீடும் கிணறும் கணக்கெடுக்கப்படுகின்றன. கைவிட்டுப்போன விதையும் ஓர் இழப்பாகக் கணக்கில் வர வேண்டும்.

விளைச்சல் குறைந்ததென்று ஆபிரிக்க நெல்லை அந்த விவசாயிகள் முற்றாகக் கைவிட்டிருந்தால், நெரிக்காவுக்கு ஒரு பெற்றோர் இருந்திருக்காது. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் அப்படியான சொத்துத்தான். அவற்றைப் பழைய நினைவாக மட்டும் பார்க்கக் கூடாது. நாளைய கலப்புக்கும் அவை வேண்டும். ஒரே களஞ்சியத்தை நம்பாமல் பல ஊர்களில், பல கைகளில் அவற்றை வைத்திருப்பதே பாதுகாப்பு.