அத்திப்பள்ளி தாண்டி வந்த டிரம்ஸ்

ஓசூரில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்வேன். நம் நாட்டில் மொசார்ட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் எங்கள் ஊர்தான். சிரிக்காதீர்கள். டைட்டன் கடிகார விளம்பரத்தில் ஒரு ட்யூன் வருமே, அது மொசார்ட் 1773-ல், பதினேழு வயசில் எழுதிய இருபத்தைந்தாவது சிம்பொனியிலிருந்து எடுத்தது. கடிகாரம் தயாரானது எங்கள் சிப்காட்டில். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் மிதிக்கிற ஆசாமிகூட அந்த ட்யூனை விசிலடித்துக்கொண்டு போவார். மொசார்ட் தெரியுமா என்று கேட்டால், ''எந்த டிபார்ட்மென்ட்?'' என்பார்.

போன மாதம் அக்கா பையன் வந்திருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கறுப்பு டி-ஷர்ட், அதில் பல்லை இளிக்கும் ஒரு பிசாசு. 'ஐயன் மெய்டன்' என்ற கோஷ்டியின் சின்னமாம். அந்தச் சட்டையை வாசல் கொடியில் காயப்போட அக்கா விடுவதில்லை, வெள்ளிக்கிழமைகளில் துவைக்கவே விடுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: ''மாமா, உங்க காலத்துல தமிழ்நாட்டுல ராக் மியூசிக்னு ஏதாவது இருந்துச்சா? இல்ல, வெறும் சினிமாப் பாட்டுதானா?''

அந்த 'வெறும்'தான் சுருக்கென்று தைத்தது. ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். பையன் பாதியிலேயே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான். எனவே முழுக்கதையும் உங்கள் தலையில்.

ராக், பாப் எல்லாம் நம் பக்கம் முதலில் கேட்டது ஆங்கிலோ-இந்தியர்கள் குடியிருந்த இடங்களில். பெங்களூர் கன்டோன்மென்ட், கோலார் தங்கவயல் கிளப்புகள், ஜோலார்பேட்டை மாதிரி ரயில்வே காலனிகள். கிறிஸ்துமஸ் வந்தால் டான்ஸ், டான்ஸ் என்றால் ஒரு பேண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட நம் பையன்கள் கையில் ரேடியோ சிலோன் இருந்தது. அதில் எல்விஸும் கிளிஃப் ரிச்சர்டும் கரகரவென்று வந்தார்கள். சினிமாவில் ஜே.பி.சந்திரபாபு ஐம்பதுகளிலேயே தொண்டையை உடைத்து யோடலிங் பண்ணிக்கொண்டிருந்தார். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது வேலை போன ஆத்திரத்தையே ட்விஸ்ட் ஆடிக் காட்டினார்கள். (எங்கள் யூனியனில் ஒருவருக்கும் இந்த யோசனை வராமல் போயிற்று.)

தமிழில் பாப் என்று தனியாக, சினிமாவை நம்பாமல் பாடிக் காட்டியவர்கள் இலங்கைக்காரர்கள். அறுபதுகளின் கடைசியில் நித்தி கனகரத்தினம், எழுபதுகளில் சிலோன் மனோகர் என்கிற ஏ.ஈ.மனோகரன். கல்யாண வீடு, காலேஜ் டூர் பஸ் எல்லாவற்றிலும் மனோகரன் ஒலித்தார். கடைசிவரை அந்தப் பாட்டுக்காரராகவே ஞாபகம் இருந்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

வடக்கே பம்பாயில் 1970-லும் 71-லும் 'சிம்லா பீட்' என்று ஒரு போட்டி நடந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பேண்டுகள் வந்து வாசித்தன. ஜெயித்தவர்களை எல்.பி. ரிக்கார்டாகவே போட்டார்கள். சிம்லா என்பது மலை இல்லை, சிகரெட். சிகரெட் கம்பெனி செலவில் இளைஞர் இசை வளர்ந்தது. இன்றைக்கு அந்த ரிக்கார்டுகளை வெளிநாட்டுக்காரர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

கிடார் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு. அமெரிக்காவின் 'கிப்ஸன்' கிடாரைப் படத்தில்தான் பார்க்கலாம். கையில் கிடைத்தது கல்கத்தா 'கிவ்ஸன்'. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். விலையில் ஒரு வீடு வித்தியாசம்! ஆம்ப்ளிஃபயரை ரேடியோ மெக்கானிக்குகள் செய்து தந்தார்கள். அதுவும் இல்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது சவுண்டு சர்வீஸின் அஹூஜா.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. ரமேஷ் ஷோத்தம், 1948-ல் சென்னையில் பிறந்தவர். தம்பி சுரேஷோடு சேர்ந்து 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற ராக் கோஷ்டியை நடத்திய டிரம்மர். பேர் வாங்கின பிறகு மனுஷன் என்ன செய்தார் தெரியுமோ? பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் சேர்ந்து தவில் கற்றுக்கொண்டார். பிறகு ஜெர்மனிக்குப் போய் அங்கே ஜாஸ்காரர்களோடு தவில் வாசித்தார். நம் ஊரில் தவில்காரர் பையன் டிரம்ஸ் கேட்டு அடம் பிடிப்பான். இவர் எதிர்த்திசையில் பஸ் ஏறினார்.

''சரி மாமா, ஓசூர்ல?'' என்றான் பையன்.

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று பஸ் நின்று நின்று போகும். அங்கே எண்பதுகளில் பப் வந்தது, காலேஜ் பேண்டுகள் வந்தன, பிரிகேட் ரோடில் இங்கிலீஷ் கேஸட் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த 40 கிலோமீட்டர் எங்களுக்கு நானூறு மாதிரி. சேஃப்டி ஷூவோடு பப்புக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... வேறு கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தவர்களைக்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். பாட்டு இங்கிலீஷ். பீர் விலையும் இங்கிலீஷ். எட்டரை மணிக்கே கடைசி பஸ் கவலை வந்துவிடும்.

ஆகவே ராக் மியூசிக் எங்களிடம் வேறு வண்டியில் வந்தது. அந்த வண்டியை ஓட்டியவர் இளையராஜா.

'அன்னக்கிளி' 1976. பண்ணைப்புரத்துக்காரர் என்று கிராமியத்தையே எல்லோரும் பேசினார்கள். அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், லண்டன் டிரினிட்டி காலேஜ் கிடார் பரீட்சையில் தேறியவர். கன்னடப் பட உலகில் கொடிகட்டிப் பறந்த ஜி.கே.வெங்கடேஷிடம் பல வருஷம் உதவியாளர். அதாவது தமிழனுக்கு கிடார் கொண்டுவந்தவர் கன்னடம் வழியாக வந்தார்! டிரம்ஸில் புருஷோத்தமன், கிடாரில் சதானந்தம், கீபோர்டில் விஜி மானுவல். இவர்கள் பெயர் கேஸட் அட்டையில் இருக்காது. விரல்கள் மட்டும் டீக்கடை ஸ்பீக்கரில் இருக்கும். அந்தப் பாட்டுகளில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். குரலுக்குக் கீழே அது தன்பாட்டுக்கு ஒரு தனிப் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். 1982-ல் 'சகலகலா வல்லவன்' புத்தாண்டுப் பாட்டு வந்த பிறகு டிசம்பர் 31 நள்ளிரவு என்றாலே எஸ்.பி.பி. குரல்தான். இதைவிட ராக் என்ன வேண்டும்?

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தோம். டூல் ரூமில் ஒருவன் லீட் கிடார் (கிவ்ஸன்). பெயின்ட் ஷாப்பில் ஒருவன் பாட்டு. கணக்குப் பிரிவில் நான். ஆகையால் கணக்கும் டிரிப்பிள் காங்கோவும். டிரம்ஸ் மட்டும் வெளியூர்க்காரன், ஆனேக்கல்லிலிருந்து வருவான். கன்னடக்காரன், சங்கர் நாக் பக்தன். 1990-ல் சங்கர் நாக் கார் விபத்தில் போனபோது மூன்று நாள் ஸ்டிக்கைத் தொடவில்லை. ஓசூர் என்பது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருகிற ஊர். எனவே எங்கள் லிஸ்டிலும் மூன்றும் உண்டு. ராஜ்குமார் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டவர்களில் பாதிப் பேர் தமிழர்கள்.

1991 டிசம்பர். ஒரு கம்பெனி மனமகிழ் மன்றத்தில் புத்தாண்டுக் கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 11-ம் தேதி அரசிதழில் வந்தது. மறுநாளே பெங்களூரில் கலவரம். பல உயிர்கள் போயின. தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தன. பஸ் எல்லாம் நின்றுபோயிற்று. இங்கேயும் முகங்கள் மாறியிருந்தன. நேற்று வரை 'ஏன் குரு' என்று தோளில் கைபோட்டவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

மன்றத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ''தம்பி, இந்த வருஷம் கன்னடப் பாட்டு வேணாம். யாராவது கல்லை விட்டான்னா நான் பொறுப்பில்ல.'' பயந்துதான் சொன்னார், தப்பு சொல்லமாட்டேன். டிரம்மரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படியும் அவன் வரப்போவதில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

31-ம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நின்றான். அத்திப்பள்ளி வரை ஒரு லாரி, அங்கிருந்து நடை. சட்டையெல்லாம் செம்மண். டிரம்ஸ் செட்டை எடுத்துவர முடியவில்லை. இடுப்பில் ஸ்டிக், தோளில் ஒரு சிம்பல் ஸ்டாண்டு. மீதியை உள்ளூர்ச் சவுண்டு சர்வீஸில் வாடகைக்குப் பிடித்தோம்.

லிஸ்டைப் பார்த்தான். கன்னடம் ஒன்றும் இல்லை. ''சரி விடு'' என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தான். அவ்வளவுதான்.

நடுவில் ஒரு காரியம் நடந்தது. சங்கர் நாக் நடித்து இயக்கிய 'கீதா' (1981) படத்துக்கு இசை இளையராஜா. அதில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடிய ஒரு டூயட், கன்னட நாட்டில் பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே மெட்டை ராஜா 1984-ல் நம்முடைய 'நூறாவது நாள்' படத்திலும் போட்டார். (2007-ல் அமிதாப் பச்சனின் 'சீனி கம்' இந்திப் படத்துக்கும் போனது.) பெயின்ட் ஷாப் பாடகன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, லிஸ்டில் இல்லாத அந்தத் தமிழ்ப் பாட்டை எடுத்தான்.

கூட்டத்துக்கு அது தமிழ்ப் பாட்டு. கை தட்டினார்கள். மன்றத்துக்காரரும் தலையாட்டினார். நான் காங்கோவைத் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். டிரம்மர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. கன்னட வரிகள். அவன் முன்னால் மைக் இல்லை.

''அந்த கோஷ்டி காவிரியால உடைஞ்சுதா மாமா?'' என்றான் பையன். போனை எப்போதோ கவிழ்த்து வைத்திருந்தான்.

இல்லை. காவிரியைத் தாண்டிவிட்டோம், கீபோர்டைத் தாண்ட முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ரிதம் பட்டனோடு கீபோர்டுகள் வந்தன. பட்டனை அமுக்கினால் டிரம்ஸ், இன்னொன்றை அமுக்கினால் காங்கோ. பட்டனுக்குச் சாப்பாடு, பஸ் சார்ஜ் கிடையாது. முதலில் அவன் நின்றான். ஆறு மாதத்தில் நானும்.

அதற்குள் 1991-ல் ஸ்டார் டிவி வழியாக எம்டிவி வந்துவிட்டது. 'நெமிஸிஸ் அவென்யூ' என்று ராக் கோஷ்டி வைத்திருந்த சென்னைப் பையன், 1987-ல் டைட்டனுக்குப் போட்டியான ஆல்வின் கடிகார விளம்பரத்துக்கு ட்யூன் போட்டவன், 1992-ல் 'ரோஜா'வோடு வந்தான். ஆல்வின் கடிகாரம் இன்று இல்லை. ட்யூன் போட்ட ரஹ்மான் இருக்கிறார். பிற்பாடு பெங்களூர் பேலஸ் கிரவுண்டுக்கு உலகமே வந்தது. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007 மார்ச்சில் இவன் சட்டையில் இருக்கிற பிசாசு, 2011 அக்டோபர் 30-ல் மெட்டாலிகா. ரோலிங் ஸ்டோன்ஸுக்கு நானும் போனேன், மதில் சுவருக்கு வெளியே. மிக் ஜாகருக்கு அப்போது 59 வயசு. எங்கள் கம்பெனியில் 58-ல் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியதைப் பற்றிப் பையனே சொன்னான். பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த கோஷ்டி. கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒன்றாக. வீடியோ போட்டுக் காட்டினான். பறை விழுந்த இடத்தில் என் விரல் தானாகத் தட்டின் ஓரத்தில் தாளம் போட்டது. அத்திப்பள்ளி தாண்டினால் அதையே தமட்டே என்பார்கள். ஆனேக்கல்காரன் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான், டிரம்ஸ் எல்லாம் அப்புறம்.

''அவர் இப்ப எங்க மாமா?''

தும்கூர் பக்கம் மாமனார் ஊரோடு போய்விட்டதாகக் கேள்வி. அந்த ராத்திரி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் கேட்கவே இல்லை. இன்னும் கொல்லைப்புறத்தில்தான் நிற்கிறது. அக்கா பையனின் ஐயன் மெய்டன் சட்டை அதில்தான் காய்கிறது.