நம்பர் நாகாலாந்து, ஓட்டம் தமிழ்நாடு!

சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே உள்ள ஊர் கரிவலம்வந்தநல்லூர். இந்த வட்டாரத்தில் இருந்து சென்னைக்குச் சுமார் 600 கிலோமீட்டர். இரவுப் பயணத்துக்குப் பலர் நாடுவது ஆம்னி பஸ்.

பஸ் ஓடுவது இங்கே, ஏறுகிறவர்களும் இங்குள்ளவர்களே. ஆனால் சில பஸ்களின் நம்பர் பலகையில் இருப்பது நாகாலாந்து!

காரணம் என்ன? வரிதான்.

தமிழ்நாட்டில் இருக்கைக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி கட்டவேண்டும். சில மாநிலங்களில் வரி குறைவு. அங்கே பதிவு செய்து, அகில இந்திய சுற்றுலா பெர்மிட் வாங்கி, இங்கே ஓட்டுகிறார்கள்.

"அந்த பெர்மிட் சுற்றுலாவுக்குத்தான்; தினமும் டிக்கெட் போட்டு ஆள் ஏற்றுவதற்கு அல்ல" என்பது போக்குவரத்துத் துறையின் வாதம். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது.

2024-ம் ஆண்டு அரசு எடுத்த கணக்கில் இப்படிப்பட்ட பஸ்கள் 652. கெடு கொடுத்தும் 105 பஸ்களே தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாறின. மீதி 547 பஸ்களுக்கு ஜூன் மாதம் தடை வந்தது.

"பெர்மிட் கட்டணம் கட்டிய பிறகு தடை எதற்கு?" என்றனர் உரிமையாளர்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

வரி ஏய்ப்பைத் தடுப்பது அரசின் கடமை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நடுவழியில் பஸ்சை நிறுத்தினால், குழந்தை குட்டியோடு நள்ளிரவில் ரோட்டில் நிற்பது யார்? முழுக் கட்டணமும் கொடுத்த பயணிதான்! சோதனையை, பஸ் புறப்படும் இடத்திலேயே, டிக்கெட் விற்கும் முன்பே நடத்தவேண்டும்.