உங்க கம்ப்யூட்டரில் இருப்பது என்ன கிராபிக்ஸ் கார்டு?

புதுசா கம்ப்யூட்டர் வாங்கிய நண்பரிடம் "என்ன கிராபிக்ஸ் கார்டு?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் "2 ஜிபி" என்பார்கள். என்ன வண்டி என்று கேட்டால் "பத்து லிட்டர் டேங்க்" என்று சொல்வது மாதிரிதான் இது! 2 ஜிபி என்பது கார்டின் மெமரி அளவு. கார்டின் பெயர் அதுவல்ல.

திருப்போரூரில் பஸ் ஏறி, ஓ.எம்.ஆர். வழியாக சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் பழைய கார்டு வாங்கி வரும் மாணவனுக்கு இந்தப் பதில் போதாது. போட்டிருப்பது வீட்டில் கொடுத்த காசு. பழைய பொருளுக்குப் பல கடைகளில் "டெஸ்டிங் வாரண்டி" மட்டும்தான். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்து, "இது வேற கார்டு" என்று புலம்பி என்ன பயன்?

பெயரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விண்டோஸ் 10, 11 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு என்பதைத் தொட்டால் பெயர் தெரியும் (இந்த வசதி 2017-இல் வந்தது). லேப்டாப்பில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருந்தால், பெரும்பாலும் ஒன்று பிராசஸருடன் வந்தது, மற்றொன்று தனி கார்டு. லினக்ஸ் என்றால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்து, விஜிஏ என்று வரும் வரியைப் பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று காட்டினால் அது கார்டின் பெயர் இல்லை; டிரைவர் இன்னும் போடவில்லை என்று அர்த்தம்.

அதே இடத்தில் "ஷேர்டு மெமரி" என்று ஒரு எண் இருக்கும். 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் இது 4 ஜிபிக்குப் பக்கத்தில் காட்டும். அதைக் காட்டி "4 ஜிபி கிராபிக்ஸ்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உங்க ராமிலிருந்து கடன் வாங்குவது.

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது! என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது. 2018-இல் அதே பெயரில், அதே 2 ஜிபியில், டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. முதல் கார்டின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதுக்கு 16.8 ஜிபிதான். கேமில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இதைவிட மோசம் போலி கார்டுகள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புது மாடல் பெயரைக் காட்ட வைப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், போலி என்விடியா கார்டுகள் பலவற்றை 2018 முதல் காட்டிக் கொடுக்கிறது. மெமரி வகையையும் சொல்லிவிடும்.

"வேலை செஞ்சா போதும், பேரு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. டைப் அடிக்க, படம் பார்க்க மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் டிரைவர் தேட, கேம் ஓடுமா என்று பார்க்க, பிறகு விற்க... எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுபவர் இல்லை. நல்ல கடைக்காரர் மாட்டிக் காட்டத் தயங்கமாட்டார். காசு கொடுக்கும் முன் "ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்?