அட்டையில் அச்சடிக்க பிரிண்டர்

என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளும் டீச்சர், மின்னட்டை அச்சடிக்க வீட்டுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்டாள். எல்லோருக்குமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர் வைஃபை, ஸ்கேனர் என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் பேப்பர் போகும் பாதையைப் பாருங்கள். முன்பக்கத் தட்டில் வைக்கும் மெஷினில் பேப்பர் உள்ளே 'ப' போல வளைந்து திரும்பி வரும். சாதாரணப் பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம். அட்டையோ 200க்கு மேல். அந்த வளைவில் சிக்கும், இல்லாவிட்டால் சுருண்டு வரும். பின்பக்கம் நிமிர்த்திச் செருகும் மெஷின்தான் தோது. எவ்வளவு ஜிஎஸ்எம் தாங்கும் என்று விவரத்தாளில் இருக்கும். படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிலவற்றில் அந்தப் பெரிய எண் ஃபோட்டோ பேப்பருக்கு மட்டும்தான்!

விலை குறைவென்று கார்ட்ரிட்ஜ் மெஷின் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வண்ணப்படம் நிறைய அச்சடித்தால் சம்பளம் மையிலேயே போய்விடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இங்க் டேங்க்தான் கட்டுப்படியாகும். ஈரக்கை பட்டால் வண்ணம் கலையும், அதனால் லேமினேஷன் போட்டுவிடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

வாங்கப் போகும்போது உங்கள் அட்டையில் நாலைக் கொண்டுபோய், அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வருஷத்துக்குப் பத்து அட்டைதான் என்றால் ஜெராக்ஸ் கடையே போதும். சும்மா கிடக்கும் மெஷினில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.