பச்சைத் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா?



சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனவர்கள் பக்கத்திலே ஓடும் ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று ஒரு பெயர் உண்டு. தண்ணீரும் புல்லும் கிடைத்ததால்தான் மாட்டுக்காரர்கள் அங்கே கூடினார்கள். அந்தக் கால்வாய்த் தண்ணீர் இன்று மெரினா நீர்த்தேக்கத்தில் சேருகிறது. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பகுதியையும் 1977 முதல் 1987 வரை பத்து வருஷம் பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள். 2008-இல் தடுப்பணை திறந்தார்கள். நாற்றமடித்த தண்ணீர், சுத்திகரித்துக் குடிக்கும் தண்ணீராயிற்று.

அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று உழைக்கிறது. அதுதான் நுண்பாசி. வெயிலை வாங்கி உணவு சமைக்கும். நீருக்கு உயிர்க்காற்றைக் கொடுக்கும். பாசியைச் சின்னப் பூச்சிகள் தின்னும், பூச்சிகளை மீன் தின்னும். பாசி இல்லையென்றால் நம்ம சட்டியிலே மீன் ஏது?

ஆனால் அளவு மீறினால் அமுதமும் நஞ்சுதான். உரமும் சாக்கடையும் நீரில் கலந்தால் பாசிக்கு விருந்து. பச்சைச் சாயம் கொட்டியது போலப் படர்ந்துவிடும். பிறகு செத்து அழுகும்போது நீரிலுள்ள காற்றெல்லாம் தீர்ந்துபோய் மீன்கள் மிதக்கும். நீலப்பச்சைப் பாசியில் சில வகை, ஈரலைக் கெடுக்கும் விஷத்தையும் கக்கும்.

“காய்ச்சிக் குடிச்சா சரியாப் போச்சு” என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீங்க. ஆனால் இந்த விஷம் காய்ச்சினாலும் அழியாது. 2014-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரிடம், “குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்” என்றே எச்சரித்தார்கள். தண்ணீர் வற்ற வற்ற விஷத்தின் அடர்த்திதான் கூடும். அங்கே ஏரியைக் கெடுத்ததில் பெரும் பங்கு வயல்களிலிருந்து மழையில் அடித்து வந்த உரத்துக்கு.

தோட்டத்திலே உரம் சுமப்பது யார்? நாம். மழை இருட்டிக்கொண்டு வரும்போதும் “இன்றைக்கே போட்டு முடி” என்று சொல்வது யார்? நிர்வாகம். அந்த உரம் ஓடைக்குப் போனால், ஓடைத் தண்ணீரை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வினை. ஆகவே குற்றத்தைத் துணி துவைக்கும் தாய்மார்கள் தலையிலே மட்டும் கட்டிவிட முடியாது.

பச்சையாய்ப் படர்ந்து நாறும் தண்ணீரைக் குடிக்காதீங்க. பிள்ளைகளை அதில் இறங்க விடாதீங்க. ஆடுமாடுகளுக்கும் காட்டாதீங்க. செத்து மிதக்கும் மீனை எடுத்துவந்து சமைக்காதீங்க.

சங்கக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை வையுங்கள்: மழைக்கு முன் உரம் போடச் சொல்லக் கூடாது; ஓடைக் கரையோரம் உரம் போடாமல் விட வேண்டும்; ஒவ்வொரு லயத்துக்கும் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வேண்டும்.

நாற்றமடித்த கால்வாயைக் குடிநீராக்க ஒரு நகரத்தால் முடிந்தது. ஒரு தோட்டத்தால் முடியாதா? கேளுங்கள்!