விளக்கை மறைத்தால் காற்று ஏறுமா?

எட்டு வருடம் ஓடிய எங்கள் காரில், டயர் காற்றைக் காட்டும் மஞ்சள் விளக்கு தினமும் மின்னி மின்னி எரிய ஆரம்பித்தது. மெக்கானிக்கோ, "ஒரு சென்சார்ல பேட்டரி தீர்ந்துடுச்சுக்கா. மாத்தினா செலவு. மேலே டேப் ஒட்டிக்குங்க" என்றார். என்னவரும் ஒட்டி விட்டார்.

சென்ற மாதம் ஓசூரில் கல்லூரியில் படிக்கும் மகளை விடக் கிளம்பினோம். மனசு கேட்காமல், சூளகிரி பெட்ரோல் பங்க்கில், "காத்து பார்த்துடுங்களேன்" என்றேன். 33 இருக்க வேண்டிய பின் டயரில் 19 தான் இருந்தது. ஆணி ஏறியிருந்தது! லாரிகள் பறக்கும் ரோட்டில் டயர் வெடித்திருந்தால்? செத்துப் போன ஒரு சென்சாருக்காக, மற்ற மூன்று டயரின் எச்சரிக்கையையும் அல்லவா மறைத்து விட்டோம்!

பிறகுதான் விசாரித்தேன். சென்சார், சக்கரத்துக்கு உள்ளே வால்வோடு இருக்கிறது. பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து வருடத்தில் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். புது டயர் போடும்போதே மாற்றினால், கழற்றி மாட்டும் கூலி மிச்சம். புது சென்சாரை, காரில் பதிவு செய்தும் தர வேண்டும். வண்டி கிளப்பியதும் விளக்கு சற்று நேரம் மின்னினால் சென்சார் கோளாறு. மின்னாமல் எரிந்தால் காற்று குறைவு.

இந்த சென்சார், டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என, 2020ல் விதியே வந்து விட்டது. அப்படிப்பட்ட காரில், விளக்கையும் மறைத்தால் என்ன கதி?

கேஸ் நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக் கொண்டா சமைப்போம்? கார் விஷயம் ஆண்கள் சமாசாரம் என ஒதுங்காமல், நாமும் கேட்டுத் தெரிந்து கொள்வோமே, சகோதரிகளே!

— ஒரு வாசகி, நாகரசம்பட்டி.